பானு கை வைத்த படம்

பானுப்ரியாவுக்கு ஸ்ரீரங்கத்து ஸ்டுடியோ ஒன்றில், ஜன்னல் அடைத்த மாடி அறையில் வேலை. ஸ்டுடியோவில் இரண்டு கேமரா, இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்று முகத்தைச் சிவப்பாக்கும். மற்றொன்று மஞ்சள் அப்பும். ஒரே மணப்பெண்ணை இரண்டிலும் எடுத்துவந்து கம்ப்யூட்டரில் கொட்டினால், அக்காள் தங்கை இரண்டு பேருக்குக் கல்யாணம் நடந்த மாதிரி இருக்கும். அதை ஒரே பெண்ணாக்குவதுதான் பானுவின் பிழைப்பு. சிவப்பைக் குறைத்து, மஞ்சளை எடுத்து, கடைசியில் கண்ணின் வெள்ளையையும் கொஞ்சம் வெளுத்துவிடுவாள்.

“பானு கை வச்சா போதும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாயைத் திறக்க மாட்டாங்க” என்பார் முதலாளி. சம்பள விஷயம் வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது, அது தனிக் கதை.

இந்தக் கம்ப்யூட்டர் படிப்புக்கு அவளை அனுப்பியவன் துறையூரில் இருக்கும் அண்ணன் ரஞ்சித். அப்பா வேண்டாமென்று குதித்தபோது, “புள்ள படிக்கட்டும்பா” என்று சொல்லி, தினமும் பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டவன். அவளுக்கு அவன் என்றால் உயிர்.

போன ஆவணியில் பானுவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் ரஞ்சித் மடியில் பிள்ளையை உட்கார வைத்து இரண்டு கேமராவிலும் எடுத்தார்கள். படங்களைத் திறந்தபோது அண்ணன் முகம் மஞ்சளாக இருந்தது. இந்தக் கேமராவின் புத்தி தெரிந்ததுதானே என்று சரிசெய்தாள். சிவப்புக் கேமராவிலும் மஞ்சள் தெரிந்தது. பந்தல் துணியின் சாயலாக இருக்கும் என்று அதையும் எடுத்தாள். கண்ணை வெளுத்தாள். மடியில் இருந்த பிள்ளை முகத்தில் அந்த மஞ்சள் ஏன் இல்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஐயோ, அதையல்லவா பார்த்திருக்க வேண்டும்!

கார்த்திகையில் ரஞ்சித்தைத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாப்பாடு இறங்காமல் ஆள் பாதியாகியிருந்தான்.

“கண்ணு எப்பலேருந்து மஞ்சளா இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

“இப்பத்தாங்க, கொஞ்ச நாளா” என்று அண்ணி போனை நீட்டினாள். “ஆவணில எடுத்தது பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்காரு. ஊர்ல யாராவது கண்ணு ஒரு மாதிரி இருக்கேன்னா, இதைத்தான் காட்டுவேன்.”

கூட வந்திருந்த பானு எட்டிப் பார்த்தாள்; அவள் திருத்திக் கொடுத்த படம். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் அந்தப் படத்தை நம்பிவிட்டால் அண்ணன் உயிர் என்னாவது?

“அது நான் வெளுத்தது டாக்டர்” என்றாள். திருத்துவதற்கு முந்தைய படங்களைத் தன் போனில் எடுத்துக் காட்டினாள்.

டாக்டர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தக்குழாயில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது.

“அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம்” என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டாள். “நீ அன்னைக்கே பார்த்தியா பானு?”

“பார்த்தேன் அண்ணி. கேமரா தப்புன்னு நெனச்சேன்.”

அண்ணி திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் பானுவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தை பிறக்குமுன் ரஞ்சித் போய்விட்டான். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். பானு போனைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“எந்தப் படம் போடட்டும் அண்ணி?”

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீ கை வைக்காதது இருக்குல்ல, அதைக் குடு.”