டெல்பினைத் தெரிந்த ஒருவன்

சிங்கப்பூரில் முகம் தெரியாத ஒரு கம்பெனிக்காரன் மேல் எனக்குப் பல வருஷமாகக் கோபம். அவன் எனக்கு போன் பண்ணவே இல்லை. பண்ணியிருந்தால் டெல்பின் மக்பனுவாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பேன். ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். கேட்க ஆளில்லாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

மணிலாவில் ஓர்திகாஸ் பக்கம் ஒரு கட்டடத்துக்கு நான் காவல்காரன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. கட்டடத்தில் எல்லோரும் என்னை மணிலா வழக்கப்படி 'குயா', அதாவது அண்ணன், என்பார்கள். டெல்பின் மட்டும் 'மானோங்' என்பான். எங்கள் இருவருக்கும் சொந்த ஊரான இலோய்லோ பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் அவனைத் 'தோத்தோ' என்பேன், தம்பியைச் சொல்வது போல.

வங்கிகளின் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைகிறானா என்று ஆறாவது மாடியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது அவன் வேலை. என் வாசலிலாவது போகிற வருகிறவர்கள் தலையசைப்பார்கள். அவனுக்குத் திரைதான். மத்தியானம் சோறும் கருவாடும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவான். மேலே சுடவைத்தால் நாற்றம் என்று முகம் சுளிப்பார்களாம். அம்மா இல்லை. அக்கா கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீசுக்கு வருவான். அறையில் தனியாகக் கிடப்பதற்கு இங்கே தனியாக இருந்தால் ஏசியாவது உண்டு என்பான்.

அவன் கண்டுபிடித்து எழுதுகிற அறிக்கைக்குக் கீழே முதலாளி சார் பாக்கோவின் பெயர்தான் இருக்கும். பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய சான்றிதழின் எழுத்துகள் இருந்தால்தான் வங்கிக்காரன் நம்புவான். அந்த மாடியில் அது இருந்தது சார் பாக்கோவுக்கு மட்டும். அதற்காகத்தான் டெல்பின் படித்தான். முதல் தடவை தோற்றான். "இன்னுமா படிக்கிற? பாதிரியாருக்குப் படிச்சிருந்தா இந்நேரம் பிஷப் ஆகியிருப்ப" என்று நான் சீண்டுவேன். தலையைத் தூக்காமல் சிரிப்பான்.

இரண்டாவது தடவை தேறினான். நல்லது நடந்தால் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற வழக்கப்படி ஒரு பெரிய தட்டு பான்சிட் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு மேலே போனான். எல்லோரும் மீட்டிங்கில் இருந்தார்கள். முக்கால் தட்டு கீழே என்னிடம் திரும்பி வந்தது. நானும் கூட்டுகிறவர்களும் சாப்பிட்டோம்.

தேறினால் மட்டும் போதாதாம். அதே சான்றிதழ் வைத்திருக்கிற ஒருவர், 'இவனை எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் இந்த வேலையை உண்மையாகவே செய்தான்' என்று சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கெடு உண்டு. தாண்டினால் பரீட்சையே வீண், முதலிலிருந்து எழுத வேண்டும். அவன் மனுப் போட்டிருந்த சிங்கப்பூர் கம்பெனியோ முழுச் சான்றிதழோடு வந்தால்தான் வேலை என்று சொல்லியிருந்தது.

சார் பாக்கோ அடுத்த வாரம் என்றார். மழைக்காலம் முழுக்க அடுத்த வாரமாகவே போனது. இணையத்தில் இதே சான்றிதழ்காரர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்களே, யாரையாவது கேளேன் என்றேன். தெரியாதவனிடம் போய் என்னைத் தெரியும் என்று சொல்லச் சொல்வதா என்று கேட்டான். அது மட்டுமில்லை. ஊர்ப் பாதிரியார் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவனை வேலைக்கு எடுத்தவர் சார் பாக்கோ. அவரைத் தாண்டிப் போவது எங்கள் ஆட்களிடையே முகத்தில் அறைகிற மாதிரி. அதனால் அவன் காத்திருந்தான். கெடுவும் நெருங்கிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் காருக்குப் போகிற வழியில் என் மேஜை முன்னால் அவரை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டே மறுபடி கேட்டான். அவர் கோபப்படவில்லை. அவன் தோளில் கை வைத்தார்.

"நான் கையெழுத்துப் போட்டா நீ சிங்கப்பூர்ல இருப்ப. அப்புறம் மேல எனக்கு யாருப்பா இருக்கா?"

சொல்லிவிட்டுக் கார் ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கழுத்தில் தொங்கிய என் காவல் லைசென்ஸைக் கழற்றி அவன் முன்னால் வைத்தேன்.

"என் பேரைப் போடு. நீ வேலை செஞ்சத தினமும் பாத்தவன் நான்."

"இந்த அட்டைய அவங்க ஒத்துக்க மாட்டாங்க மானோங்."

பிறகு மெதுவாக ஒன்று சொன்னான். யாரையும் தெரியாதவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற சங்கமே சாட்சி நிற்குமாம். வேலை பார்த்த ஆதாரங்களை அனுப்பினால் அவர்களே சரிபார்ப்பார்களாம். முதல் நாளிலிருந்தே அந்த வழி இருந்திருக்கிறது. ஏண்டா மடையா, இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று திட்டினேன். அதற்கு, 'எனக்கு யாரையும் தெரியாது' என்கிற கட்டத்தில் அவனே டிக் போட வேண்டுமாம்.

என் மேஜையில்தான் மடிக்கணினியைத் திறந்தான். நான் பார்க்காத மாதிரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அப்புறம் கருவாட்டின் முள்ளை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

சான்றிதழ் வந்தது. சிங்கப்பூரும் உறுதியானது. கடைசி நாள் பெட்டியோடு இறங்கி வந்தான். மேலிருந்து யாரும் கூட வரவில்லை. சார் பாக்கோ அன்று லீவு.

புது கம்பெனியின் தாளில், சொந்தக்காரர் அல்லாத, உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயரும் போன் நம்பரும் கேட்டிருந்தார்களாம். அங்கே என் பெயரை எழுதியிருக்கிறான். நல்ல பையன், தினமும் கோயிலுக்குப் போவான் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அங்க பூசைக்கு ஆள் எடுக்கல மானோங். பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம். போன் வந்தா எடுங்க. என்னைத் தெரியும்னு சொல்லுங்க, போதும்."