எழுது, தட்டு, தட்டு

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே எச்சரிப்பதுதான் தொழில். "அக்கா, வழுக்கும்! அப்பா, படி இருக்கு!" என்று வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக நடக்க விட்டதில்லை. வளர்ந்து மருத்துவ ஆராய்ச்சியாளராகி, அதே வேலையைக் கணினிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாள். டாக்டர் மருந்து எழுதும்போது, நோயாளியின் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, ஆபத்து இருந்தால் திரையில் ஒரு பெட்டி போட்டுச் சொல்லும் மென்பொருள் அது. நான் மருந்தாளராக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே, பொது மருத்துவ வார்டில், அதை முதலில் வைத்தார்கள். டாக்டர்கள் அதற்கு உடனே 'மாமியார்' என்று பேர் வைத்தார்கள்.

பேர் பொருத்தம்தான். வைட்டமின் மாத்திரை எழுதினாலும் கத்தும். நேற்று சொன்னதையே இன்றும் சொல்லும். பொது மருத்துவத்துக்குத் தலைவரான பெரிய டாக்டர், அடுத்த கூட்டத்தில் அதைத் தூக்கிவிடச் சொல்லப்போவதாக எல்லார் காதிலும் விழும்படி அறிவித்துவிட்டார். தூக்கினால் தங்கையின் பல வருட உழைப்பு தண்ணீரில் போகும். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "அவங்களுக்குப் படிக்கவே சோம்பல்க்கா" என்று பொரிந்தாள். ஆனால் மறுநாள் காலை நேராக வார்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

அங்கே தலைமை நர்ஸ், புதிதாகச் சேர்ந்த டாக்டரம்மாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "மருந்த எழுதுங்க டாக்டர், அப்புறம் என்டர்ல ரெண்டு தட்டு. ஒண்ணு சேமிக்க, ஒண்ணு மாமியாருக்கு." டாக்டரம்மாவுக்கும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. எழுது, தட்டு, தட்டு. பெட்டி வந்த வேகத்தில் மறைந்தது.

மருந்தகத்துக்கு வந்த தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. "அது சோம்பல் இல்லக்கா. பெட்டி அவங்க கண்ணுக்கே போய்ச் சேரல. கத்திக் கத்தி நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

அன்று முதல் கத்தரிக்கோலும் கையுமாக இறங்கினாள். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் பெட்டி, மற்றதெல்லாம் வெளியே. அவளுடைய துறைத் தலைவர் பதறிப்போனார். "நீ எடுத்த எச்சரிக்கையால ஒரு ஆள் போனா யாரும்மா பதில் சொல்றது?"

"இப்ப எல்லா எச்சரிக்கையும் இருக்கு சார். யாரும் படிக்கல. இப்ப போனா யார் சார் பதில் சொல்றது?"

கடைசியில் அவர், "உன் பொறுப்பு" என்று கைகழுவினார். மிச்சமிருந்த பெட்டிகளுக்கு என்டர் வேலை செய்யாதபடி மாற்றினாள். என்ன ஆபத்து, சரியான அளவு எது என்று பெட்டியே சொல்லும். மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று டாக்டர் தேர்ந்தெடுத்தால்தான் போகும். மென்பொருள் அமைதியாகிவிட்டது. "மாமியாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று வார்டில் விசாரித்தார்கள். எனக்குத்தான் பயம். எடுத்ததில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டுத் தொலைத்தால்?

கூட்டத்துக்கு முந்தின நாள், காய்ச்சலோடு வந்திருந்த ஒரு முதியவருக்குப் பெரிய டாக்டர் வழக்கமான அளவில் ஊசி மருந்து எழுதினார். தட்டு, தட்டு. பெட்டி போகவில்லை. எரிச்சலோடு மறுபடி தட்டினார். வேறு வழியில்லாமல் படித்தார். சற்று முன்தான் வந்திருந்த ரத்தப் பரிசோதனையில் முதியவருடைய சிறுநீரகம் பாதிக்கு மேல் படுத்துவிட்டிருந்தது. எழுதிய அளவு போயிருந்தால் மிச்சமும் போயிருக்கும். குறைத்த அளவோடு சீட்டு என் திரைக்கு வந்தது. நடந்ததைத் தலைமை நர்ஸ் போனில் மூச்சு வாங்கச் சொன்னார்.

மறுநாள் கூட்டத்தில் தங்கை வாதாடத் தயாராக வந்திருந்தாள். மருந்தகத்தின் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"நேத்து நான் தப்பா எழுதினேன். ரிசல்ட் வந்ததே எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு செஞ்சது என் கையப் பிடிச்சு நிறுத்துச்சு. அந்தப் பெரியவர் இன்னைக்கு, வீட்டுக்கு எப்ப அனுப்புவீங்கன்னு கேக்கறார். இதத் தூக்கணும்னு சொன்னவன் நான்தான். இப்ப கேக்கறேன், எல்லா வார்டுக்கும் எப்பம்மா போடுவே?"

"நாளைக்கே சார்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டம் என்றும் பாராமல் பக்கத்திலிருந்த எலும்பு டாக்டரிடம், "என் தங்கச்சி" என்றேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.