நிலாக் காலடிக்கு ஒரு வக்காலத்து

வக்கீல் தொழிலில் முதல் நாலைந்து வருடங்களுக்கு வாயைத் திறக்க இரண்டே சந்தர்ப்பம்தான் கிடைக்கும்: ஒன்று கொட்டாவி, இன்னொன்று சீனியர் கையை நீட்டும்போது "இதோ இருக்கு சார்" என்று கேஸ் கட்டை எடுத்துக் கொடுப்பது. கறுப்புக் கோட்டுக்குள் வெந்து, அடுத்தவர் வாதத்துக்குத் தலையாட்டியே கழுத்து வலி கண்ட சக ஜூனியர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதிலும் பெண்ணாய்ப் பிறந்து அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நான் சொல்லப்போவது அறுபத்தொன்பதாம் வருடத்துக் கதை.

பெரியவர் இல்லையா?

என் சீனியருக்கு மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வீட்டின் முன் ஹால்தான் ஆபீஸ். சொத்து வழக்கில் மனிதர் புலி. சேர்ந்த அன்றே, "நான் எப்போது சார் கோர்ட்டில் எழுந்து பேசுவது?" என்று கேட்டுவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உன் பேரைச் சொல்லிண்டு ஒரு கட்சிக்காரன் வரட்டும். அன்னிக்குப் பேசு. அதுவரைக்கும் கட்டைத் தூக்கு," என்றார். மூன்று வருடம் தூக்கினேன். வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்து "பெரியவர் இல்லையா?" என்றுதான் கேட்டார்கள். 'மரகதம்' என்று கூப்பிட்டு அந்த வாசலில் வந்து நின்றவர் தபால்காரர் ஒருவர்தான்.

ஒருநாள் தி. நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். அவர் கடைக்கும் பக்கத்துப் பாத்திரக்கடைக்கும் நடுவே, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சின்ன வழி. அதன் முகப்பில் ஒரு கருங்கல். அவருடைய அப்பா பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்தபோது, கடை ஏது, கண்ணி ஏது, அந்தக் கல்லின்மேல் துணி மூட்டையை இறக்கித்தான் முதல் வியாபாரம் செய்தாராம். இன்றைக்கும் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்த பிறகுதான் கடை திறப்பார்கள். பாத்திரக்கடைக்காரரோ, தன் சாமான் வண்டி உள்ளே வர இடைஞ்சலாக இருக்கிறது, தை பிறந்ததும் கல்லை உடைத்தெடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

சீனியர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். கல் அண்ணாச்சியின் இடத்தில் இல்லை, பொது வழியில் இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லாத கல்லுக்குக் கேஸ் கிடையாது. அண்ணாச்சியின் முகம் விழுந்துபோனதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வாசல் வரைக்கும் கூடப் போய், "தேடிப் பார்த்தால் ஏதாவது வழி இருக்கும் அண்ணாச்சி, நானும் வக்கீல்தான்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் பரிவுக்குக் குறைச்சலில்லை. "நீ நல்லாருப்ப தாயி. வேற பெரிய வக்கீலு யாராச்சும் தெரிஞ்சா சொல்லு."

ரேடியோவில் வந்த வழக்கு

ஆடி மாதத்தில் மனிதன் நிலாவில் காலடி வைத்தான். எங்கள் ஆபீஸ் ரேடியோவைச் சுற்றி அன்றைக்கு வாதி, பிரதிவாதி பேதமில்லாமல் கூட்டம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "சார், அந்தக் காலடி யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டேன். "அண்ணாச்சியோட கல்லு யாருக்குச் சொந்தமோ அவாளுக்குத்தான்," என்று சீனியர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

விடுவேனா? லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். விண்வெளிக்கென்று உலக நாடுகள் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. நிலாவை எந்த நாடும் தன்னுடையது என்று சொல்லக் கூடாது. ஆனால் அங்கே விட்டுவந்த கொடி, இயந்திரம் எல்லாம் விட்டுவந்தவர்களுக்கே சொந்தம். ஆக, இயந்திரத்தில் கைவைத்தால் கேட்க ஆள் உண்டு. காலடி மட்டும் அநாதை. அது மண்ணில் விழுந்த பள்ளம், மண்ணோ யாருக்கும் சொந்தமில்லை. நாளைக்கே இன்னொருவன் போய் இறங்கி அதன்மேல் தேய்த்து நடந்தால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. மனித குலத்தின் முதல் காலடிக்கு ஒரு வக்கீல் இல்லையே என்று எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்களும் போட்டுவிட்டார்கள். எங்கள் குமாஸ்தா மாணிக்கம் ராயப்பேட்டைக்காரர். பத்திரிகையை ஒருதரம் புரட்டிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கவலைதான் இருந்தது. "இன்னாம்மா நீ, பூமில கீற கேஸே நம்மாண்ட வர மாட்டேங்குது, நீ மேல பூட்டியே!"

கிழக்குப் பார்த்த மனை

கட்டுரை வந்த கையோடு எனக்கு 'நிலா வக்கீலம்மா' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்களும் வந்தார்கள். நான் குதித்தேன். "அது பட்டப்பேரு, உன் பேரு இல்லையே," என்று சீனியர் உட்கார வைத்துவிட்டார்.

முதலில் வந்தவர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் குடியிருக்கும் ஒரு பிரம்மச்சாரி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வருங்கால மனைவிக்கு நிலாவில் ஒரு கிரவுண்டு மனை எழுதிவைக்க வேண்டுமாம். அடையாற்றில் வாங்க வக்கில்லை, அங்கேயாவது வாங்கிப் போடலாமே என்றார். கிழக்குப் பார்த்த மனையாக இருந்தால் விசேஷம், தண்ணீர் வசதி எப்படி என்றும் விசாரித்தார். நான் ஒப்பந்தத்தைப் பொறுமையாக விளக்கினேன். அங்கே விற்பவரும் இல்லை, பதிந்து கொடுப்பவரும் இல்லை என்றேன். மனிதர் சோர்ந்துபோய் எழுந்தார். "மொத்தமும் புறம்போக்கா மேடம்? அதுக்கு எங்க மேன்ஷன் மொட்டை மாடியே தேவலை!"

நடைபாதையில் கிடைத்த நிலா

அடுத்து ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு ரிட்டையரான அதிகாரி. கைக்குட்டையில் பொதிந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நடைபாதையில் ஒருவன் நிலாக்கல் என்று சத்தியம் செய்து அவர் தலையில் கட்டியிருந்தான். இது தன்னிடம் இருப்பது சட்டப்படி குற்றமா என்பது அவர் பயம். நான் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தார் ஒட்டியிருந்தது. நிலாவில் ரோடு போட்டதாக இன்னும் செய்தி வரவில்லை சார், உங்களை ஏமாற்றியிருக்கிறான், போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். அவர் அவசரமாகக் கல்லை மறுபடி பொதிந்துகொண்டார். "இப்போ வேண்டாம்மா. ஞாயித்துக்கிழமை என் மைத்துனன் பார்க்க வரான், அவன் பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் கேஸ் போடலாம்."

மாமி போட்ட பாதம்

ஆவணியில் கோகுலாஷ்டமி வந்தது. சீனியரின் மனைவியை நாங்கள் எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவோம். மாமி கையை மடக்கி அரிசி மாவில் தோய்த்து, வாசற்படியிலிருந்து ஆபீஸ் ஹால் வழியாகப் பூஜை அறை வரைக்கும் கிருஷ்ணன் பாதம் போட்டுவிட்டாள். அன்றைக்கு ஆபீஸுக்கு வந்த கட்சிக்காரர்களெல்லாம் சுவரோரமாக ஒண்டி ஒண்டி நடந்தார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்தே போடவில்லை என்று துணிந்து பொய் சொல்லும் ஆசாமிகூட, ஒரு பாதத்தையும் மிதிக்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனார்.

அப்போதுதான் சீனியர் உள்ளே இருந்து வந்தார். கனத்த சரீரம். ஒரு கையில் காப்பி டம்ளர், இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த வேஷ்டி. ஒற்றைக் காலை ஊன்றி, ஒரு பாதத்தைத் தாண்டி, தள்ளாடி நின்று, அடுத்ததைத் தாண்டி, பாண்டி ஆடும் சிறுமியைப் போல ஹாலைக் கடந்தார். காப்பி கொஞ்சம் தளும்பித் தன் வேஷ்டியில் கொட்டியதே தவிர ஒரு பாதத்திலும் விழவில்லை. சொந்தமில்லாததற்குக் கேஸ் இல்லை என்ற அதே மனிதர்! நான் வாயைப் பிளந்து நிற்பதை மாமி பார்த்துவிட்டாள். "என்னடி பாக்கறே? கோர்ட்டுல புலிதான், என் மாவுக்கு முன்னால பூனை."

அடைமழையில் வாதம்

ஐப்பசியில் வக்கீல்கள் சேர்ந்து அடையாற்றில் ஒரு மண்டபத்தில் ஆண்டு விழா நடத்தினார்கள். விழாவில் ஒரு விவாதம். என் கட்டுரையைப் படித்த யாரோ, 'நிலாவில் பதிந்த காலடிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்' என்று தலைப்பை வைத்துவிட்டார்கள். வேண்டும் என்று பேச நான். வேண்டாம் என்று பேச, வேறு யார், என் சீனியரேதான். தன் ஜெயத்தைப் பார்க்கட்டும் என்று கட்சிக்காரர்களையும் அழைத்திருந்தார். அடைமழையில் குடையோடு அண்ணாச்சியும் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சீனியர் கர்ஜித்தார். உரியவன் இல்லாத இடத்தில் நஷ்டம் இல்லை, நஷ்டம் இல்லாத இடத்தில் வழக்கு இல்லை என்றார். "போதாததற்கு அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. காலடி தானே பத்திரமாக இருந்துகொள்ளும். அதற்கு மரகதம் எதற்கு?" என்று முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. நான் எழுந்தேன். "காற்று இல்லை, மழை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் காலடியை அழிக்கக்கூடியது இன்னொரு கால்தான். என்றைக்காவது நாம் காற்றுக்கும் மழைக்கும் சட்டம் போட்டிருக்கிறோமா? கால்களுக்குத்தானே போடுகிறோம்?" என்றேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமி போட்ட பாதத்துக்குப் பத்திரம் உண்டா, பட்டா உண்டா என்று கேட்டேன். எந்தக் கோர்ட் உத்தரவும் இல்லாமல், காப்பி டம்ளரோடு ஒருவர் அதை எப்படித் தாண்டிப் போனார் என்று மேடையில் நடந்தே காட்டினேன். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு அடங்கியதும் சொன்னேன்: "யாருக்கும் சொந்தமில்லை என்றால், அழிக்கிற உரிமையும் யாருக்கும் இல்லை."

ஜெயித்தேன். நடுவராக இருந்தவர் முடிவைச் சொன்னதும் முதலில் எழுந்து கை தட்டியவர் சீனியர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி மேடை ஓரத்துக்கு வந்தார். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் சீனியரின் காலை நனைத்தது. "ஐயா கோவிச்சுக்கிடப்படாது. நம்ம கல்லு கேஸை மரகதம் அம்மாதான் பேசணும், பாத்துக்கிடுங்க."

கீழே இறங்கிய நிலா

தை பிறப்பதற்கு முன்பே மனு போட்டோம். சிட்டி சிவில் கோர்ட்டில் விசாரணை அன்று முதல்முதலாக என் கையில் கட்டு இல்லை. சீனியர் என் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். "இதோ இருக்கு மரகதம்," என்று எடுத்துக் கொடுத்தார். அந்த நிமிஷத்துக்காக இன்னும் மூன்று வருடம் வேண்டுமானாலும் கட்டுத் தூக்கியிருப்பேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் பழைய பாட்டையே பாடினார்: கல் அண்ணாச்சிக்குச் சொந்தமில்லை. நான் எழுந்து, "உங்கள் கட்சிக்காரருக்குச் சொந்தமா?" என்றேன். இல்லை, பொது வழி என்றார். "பொது வழியில் இருப்பதை, மற்றவர் சம்மதம் இல்லாமல் எந்த உரிமையில் உடைக்கிறார்?" என்றேன். அவர் கேலிக்குத் தாவினார். என் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும்போலிருக்கிறது. இந்த அம்மையார் இன்னும் நிலாவைவிட்டு இறங்கவில்லை என்று நீதிபதியிடம் முறையிட்டார். நீதிபதி பேனாவைத் திறந்தார். "இறங்கும்போது பார்த்து இறங்கச் சொல்லுங்கள், கீழே கல் இருக்கிறது. உடைக்கக் கூடாது என்று தடை விதிக்கிறேன்."

அன்று சாயங்காலம் தி. நகரில் அந்தக் கல்லுக்குப் பெரிய மாலை. பாத்திரக்கடை வண்டி அதன் பக்கத்தில் லேசாக வளைந்து, ஒரு கீறலும் படாமல் உள்ளே போனதை நானே பார்த்தேன்.

பெரியவர் இருக்கிறார்

இரண்டு வாரம் கழித்து, நான் உள்ளே மாமியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சீனியர் மட்டும். யாரோ வந்த சத்தம் கேட்டது. குரல் தெரிந்த குரல், தோற்றுப்போன பாத்திரக்கடைக்காரர்! அவருக்கும் அவர் மைத்துனருக்கும் வீட்டுச் சுவரில் தகராறாம். "உட்காருங்கோ, என்ன விஷயம் சொல்லுங்கோ," என்றார் சீனியர். மாமி என் முழங்கையை இடித்தாள். வெளியே அந்த மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இருக்கட்டும் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம், மரகதம் அம்மா எப்ப வருவாங்க?"

நிலாக் காலடிக்கு இன்னும் ஒரு சட்டம் வந்தபாடில்லை, அதற்காக வக்காலத்து வாங்கிய எனக்குத்தான் அன்றிலிருந்து சாப்பிட நேரமில்லாமல் கேஸ் வந்துகொண்டிருக்கிறது.