நினைவு அட்டையில் எழுதாத வரி

ஹாலிஎல பள்ளியில் மாணவி ஒருத்தியின் கவிதையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓசைக்கு ஒத்துவராத ஒரு வரியை அடிக்கப் பேனாவை வைத்ததும் அம்மாவின் நினைவு வந்தது.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது; தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம்.

"கொழுந்தெடுத்து மழையில நனைஞ்சு வந்தா, எனக்கு முந்தி அடுப்பு மூட்டி வச்சிருப்பீங்களே" என்றாள்.

அதில் எதுகை இல்லையென்று நீக்கிவிட்டு, "அன்பின் உருவே, இன்பத் திருவே!" என்று ஆச்சரியக்குறியெல்லாம் இட்டு எழுதிக் கொடுத்தேன்.

அச்சாகி வந்ததை வாசித்துக் காட்டினேன். படிக்கத் தெரியாத அம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல ஒங்கப்பா எங்கடி?"

லயத்தில் வீடு வீடாக அட்டைகளைக் கொடுத்தாள். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.