வைஃபை பெட்டிக்கு ஒரு விசிறி

எண்ணூரில் எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில், மத்தியானத்தில் அலமாரியில் இருக்கும் வைஃபை பெட்டியைத் தொட்டால் சுடும். கொஞ்ச நேரத்தில் அதன் பச்சை விளக்கு சிவப்பாகி, நெட் போய்விடும். மற்ற வீடுகளில் பாட்டு நிற்கும், சீரியல் நிற்கும். எங்கள் வீட்டில் பேச்சே நின்றுவிடும்.

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மும்பையில் கட்டிக்கொடுத்த அவள் தங்கைக்கும் அப்படித்தான். இருவருக்கும் படிப்பு இல்லை. சிறு வயதில் அவர்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு கைப்பேச்சு உண்டு. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் தங்கை வீடியோவில் வருவாள். எனக்கு நைட் ஷிஃப்ட் என்பதால் நானும் வீட்டில் இருப்பேன். இத்தனை வருஷம் பார்த்தும் அவர்கள் பேச்சில் பாதிதான் எனக்குப் புரியும்.

தங்கைக்கு மார்பில் ஒரு கட்டி. டெஸ்ட் எடுத்திருந்தார்கள். முடிவு வந்த மறுநாள் அவள் வீடியோவில் வந்தாள். சொல்வதற்குக் கையைத் தூக்கினாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

நான் காலண்டர் அட்டையை எடுத்துப் பெட்டிக்கு விசிறினேன். விளக்கு பச்சையாகும், தங்கை முகம் தெரியும், மறுபடியும் போய்விடும். எங்கள் சந்தில் செல்போன் சிக்னலும் சரியாக வராது. சகலைக்கு மெசேஜ் போட்டேன். ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று பதில் வந்தது. அதைப் படித்துக் கையால் சொன்னேன். என் மனைவி தலையை ஆட்டி மறுத்தாள். அவர் எப்போதும் அதையே எழுதுகிறவர். அவளுக்குத் தங்கையின் கை வேண்டும், முகம் வேண்டும்.

அன்று சாயங்காலம் திருவொற்றியூரில் ஒரு எலக்ட்ரானிக் கடைக்குப் போனேன். எனக்குக் கடையில் நின்று பேச வராது. கூட்டம் குறையட்டும் என்று வெளியே நின்றிருந்தேன். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அவரே கூப்பிட்டுக் கேட்டார்.

“வைஃபை பெட்டி சூடாகுது, அண்ணாச்சி. அதுக்கு ஒரு சின்ன ஃபேன்...”

சார்ஜர் வாங்க வந்திருந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “இன்னா நைனா, மன்சனே வெந்துகினு கீறான், பொட்டிக்குக் காத்து வாங்குறியா? அப்டியே ஒரு ஏசி மாட்டிடு!”

நான் சிரித்து வைத்தேன். கடைக்காரர் யூஎஸ்பி விசிறிகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் நீல விளக்கு எரிந்தது. இன்னொன்று தட்டையாக, அழகாக இருந்தது.

“இதை எடுங்கண்ணே. ஓடுறதே தெரியாது. பக்கத்துல படுத்துத் தூங்கலாம்.”

உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். காற்றும் வருவதாகத் தெரியவில்லை. ஓரமாக ஒரு கறுப்பு விசிறி இருந்தது, இரும்புக் கம்பி வலை போட்டது. அதைக் காட்டினேன்.

“காத்து நல்லா வரும். ஆனா கத்துமேண்ணே. வீட்டுல அக்கா திட்டுவாங்க.”

“திட்ட மாட்டாங்க” என்றேன்.

“குடுத்து வச்ச மன்சன்யா நீ!” என்றார் ஆட்டோக்காரர்.

விசிறிக்குக் கரண்டை வைஃபை பெட்டியிலிருந்து எடுக்காமல் செல்போன் சார்ஜரில் சொருகச் சொல்லிக் கடைக்காரர் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் விசிறியை வைத்து, காற்று பெட்டிமேல் படும்படி திருப்பினேன். எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் காற்றோடு கரித்தூசியும் வரும். அது தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. சமையலை முடித்து வந்தவள் பெட்டிமேல் விரலை இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் கறுத்திருந்தது. என் நெற்றியிலேயே அதைத் துடைத்தாள். பிறகு பெட்டியைத் துடைத்து, ஜன்னலுக்கு எட்டாத மூலையில், தண்ணீர்க் குடத்துக்கு மேலே இருக்கும் பலகையில் வைத்தாள். விசிறியைப் பக்கத்தில் நிறுத்திச் சுவிட்சைப் போட்டாள். அது லாரி மாதிரி கத்தியது. அவள் கம்பி வலையில் விரல் வைத்து, அதன் அதிர்வில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் தங்கை வீடியோவில் வந்தாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மாறவில்லை. தங்கை மார்பைத் தொட்டாள். இரண்டு விரலைக் குவித்துக் கட்டியைக் காட்டினாள். பிறகு ஈயை விரட்டுவதுபோல் கையை வீசி, கன்னம் உப்பச் சிரித்தாள். அது எனக்கே புரிந்தது. என் மனைவி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவள் சொன்னாள். இன்னொரு தடவை. தங்கை தலையில் அடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் சொன்னாள். அதற்கப்புறம்தான் இவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும், ஏன் இளைத்துவிட்டாய் என்று சண்டை பிடித்தாள். கைகள் போன வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

விசிறி கத்திக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு வீட்டிலும் அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

பேசி முடித்ததும் அவள் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அதே கையை என் நெற்றியில் வைத்தாள். வேர்வையும் கரியும் கையில் ஒட்டின. பெட்டியைக் காட்டி, என்னைக் காட்டி, விரலைச் சுழற்றினாள். உனக்கும் ஒன்று வாங்கிக்கொள் என்கிறாள்.