பாப்பாவின் தலையில் கூலண்ட் வாசனை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேல இல்ல?" என்று எழுந்து போய்விடுகிறவள் நான். கம்பெனி பஸ்ஸில் பெண்கள் இந்த மாதிரிக் கதை பேசினால் காதில் பாட்டை மாட்டிக்கொள்வேன். இப்போது நானே சொல்லப்போகிறேன், நீங்கள் எழுந்து போனாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் சேகர் ஒரகடத்தில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டினார். இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க மிஷினில் பால் மாதிரி ஓர் எண்ணெய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்குமாம், கூலண்ட் என்பார். புளித்த எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த நாற்றம் எத்தனை சோப்பு போட்டாலும் அவர் சட்டையை விட்டுப் போகாது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளிக்காமலே பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார், அவள் தலையெல்லாம் அதே நாற்றம் ஏறும், நான் கத்துவேன்.

போன வருஷம் படப்பைக்கு வரும் வழியில் எங்கள் வண்டியை லாரி இடித்தது. அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் மல்லாந்து விழுந்தேன். காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. மல்லிகை இல்லை, சாக்கடை இல்லை, என் வியர்வைகூட இல்லை. தடதடவென்று இடிக்கிற ஸ்கேன் மிஷினுக்குள் என்னைப் படுக்கவைத்து எடுத்த படத்தை டாக்டர் காட்டினார்.

"பின்மண்டையில அடிபட்டா மூளை முன்னால வந்து மோதும்மா. இதோ, மூக்குக்கு மேல, வாசனை நரம்பு போற எடம். ரெண்டு பக்கமும் போயிடுச்சி. திரும்ப வரும்னு நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

இதற்கிடையில் திரிந்த பாலை நான் பாப்பாவுக்குக் கொடுத்து அவள் வாந்தி எடுத்தாள். அந்தச் சேதி பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிற மாமியாருக்கு எப்படியோ போய்விட்டது.

"பால் கெட்டதே தெரில, நாளிக்கி கேஸ் தெறந்து கெடந்தா மட்டும் தெரியுமா? ஒன்ன நம்பி எப்டிடி கொழந்தய வுடறது? வருசப் படையலுக்கு வரேன், பாப்பாவ இட்டுக்கினு பூட்றேன்," என்று போனில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் என்னைச் சுட்டது. புருஷனையும் இழந்து பாப்பாவையும் கொடுத்துவிட்டு நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?

எங்கள் பக்கம் படையலுக்குச் சமைப்பதை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது, செத்தவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். உப்பு, புளி எல்லாம் கொதிக்கிற ஆவியை மோந்துதான் பார்ப்பார்கள். மூக்கு செத்தவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். படையலன்று பக்கத்துப் போர்ஷன் அமுதா அக்கா, "நான் மோந்து சொல்றேன்டி," என்று வந்தார். மாமியாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். திரும்ப வந்துவிடப்போகிறார் என்று ஜன்னலைச் சாத்தி, வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். என்னைவிட முட்டாள் உண்டா?

பட்டப்பகல். பாப்பா முன்னறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மீன் குழம்பைக் கொதிக்கவிட்டு, பின்கதவைச் சாத்திக்கொண்டு இலை கழுவப் போனேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது, நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் குழம்பு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. இப்போதுதான் அணைந்திருக்கும் என்று நினைத்து லைட்டரைக் கையில் எடுத்தேன்.

நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கூலண்ட். ஒரு வருஷமாக எதுவுமே நுழையாத மூக்கில், அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று சட்டையைக் கழற்றுகிற மாதிரி. லைட்டர் கீழே விழுந்தது. "வந்துட்டியாய்யா?" என்று வாய்விட்டே கேட்டேன், சந்தோஷமா பயமா எனக்கே தெரியவில்லை. வாசனை முன்னறைக்கு நகர்ந்தது, நானும் பின்னாலேயே போனேன். பாயில் பாப்பா இல்லை. தாழ்ப்பாள் போட்ட கதவு அகலத் திறந்து கிடந்தது. அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினால் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். வாரி அணைத்தேன், அவள் முடியெல்லாம் அதே நாற்றம்.

அந்த நேரம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் மாமியார். "இன்னாடி இது, கேஸ் நாத்தம் தெருவுக்கே வருது!" என்று உள்ளே ஓடி சிலிண்டரை மூடி ஜன்னலைத் திறந்தவர் அவர்தான். திரும்பி வந்து என்னைத் திட்டிக்கொண்டே பாப்பாவை வாங்கினார். அவள் தலையை மறுபடி மறுபடி மோந்து பார்த்தார்.

"இது சேகரு சட்ட வாசனடி," என்றார். "யாரு பாப்பா கதவ தெறந்தது?"

"அப்பா. தூக்கினு வந்து இங்க உக்கார வெச்சாரு."

ஸ்டூல் போட்டு ஏறினாலும் அந்தத் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. மாமியார் படையலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, "கொழந்த ஒன்னாண்டயே இருக்கட்டும். அவனே பாத்துக்கினு கீறான்," என்று தனியாகவே ஊர் திரும்பினார்.

டாக்டரிடம் போய் மறுபடி ஸ்கேன் எடுத்தேன். பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் வித்தியாசமே இல்லை. "இல்லாத வாசனைய சில நேரம் மூளையே உண்டாக்கும்மா," என்றார். "எனக்கு சரி டாக்டர், என் மாமியாருக்குத் தலையில அடி படலயே?" என்று கேட்டேன். அவர் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார்.

அன்றைக்குப் பிறகு என் மூக்கு பழையபடி செத்துவிட்டது. எல்லோரும் அவர் காப்பாற்றத்தான் வந்தார் என்கிறார்கள். காப்பாற்றியாகிவிட்டதே, பிறகு ஏன் போகவில்லை? பாப்பா இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை, எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். தினமும் ஷாம்பூ போட்டுத் தலைக்கு ஊற்றுகிறேன், துவட்டும்போது முகத்தை அவள் முடிக்குள் புதைத்து மூச்சை இழுக்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அதனால் அந்த நாற்றம் போய்விட்டதா என்று பார்க்க அமுதா அக்காவிடம் கொண்டுபோய் நிறுத்துகிறேன். இன்று காலையும் அவர் குனிந்து மோந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நேத்தி வுட ஜாஸ்தியா கீதுடி."