தும்மலுக்குப் பதில் சொன்ன குரல்

"அக்கா, உங்கட கோல்களில ஒரு ஆம்பிளைக் குரல் வருது. ஆர் அது?"

எங்கள் சூப்பர்வைசர் நிரோஷன் காலையிலேயே போன் எடுத்து இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பார்சல் கம்பனி ஒன்றின் ஹொட்லைனில் கஸ்டமர் கோல்களுக்குப் பதில் சொல்லும் பழைய ஆள் நான். அப்பாவைப் பார்க்க வேறு யாரும் இல்லாததால், கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அத்தோடு போனது. பக்கத்து அறைக் கட்டிலில் கிடப்பார், 'ம்' என்று ஒரு சத்தம்கூட வராது.

"இந்த வீட்டில வாய் திறக்கிற ஆம்பிளை சுவரில இருக்கிற பல்லி மட்டும்தான் தம்பி."

"பகிடி விடாதேங்கோ அக்கா. நீங்க தும்மின உடனதான் அந்தக் குரல் வருது. கஸ்டமர் ரெண்டு பேர் கேட்டிட்டினம். இன்னொருக்கா வந்தா மனேஜர் உங்களை ஒபிசுக்கு வரச் சொல்லிப்போடுவார்."

என் சிரிப்பு நின்றது. நான் ஒபிசுக்குப் போனால் அப்பாவுக்கு யார் கஞ்சி ஊட்டுவது?

மியூட்

வாடைக்காற்று தொடங்கி, ரோட்டுப் புழுதி ஜன்னலில் ஏறினால் போதும், என் மூக்கு திறந்துவிடும். அலர்ஜி என்றார் டொக்டர். மூக்கு அரித்தவுடன் மியூட்டை அமத்த வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. விதி எழுதியவருக்குத் தும்மல் வந்ததே இல்லைப் போலிருக்கிறது. விரல் போய்ச் சேருமுன் வெடித்துவிடும். "சொறி சேர்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்வேன். கம்பனி தந்த ஹெட்செட் இரண்டு காதையும் இறுக மூடும். அதைப் போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

நிரோஷன் ரெக்கோடிங்கை அனுப்பினான். யாரோ ஒரு பெண் பார்சல் வரவில்லை என்று ஏசுகிறார். நான் தும்முகிறேன். உடனே, கொஞ்சம் தூரத்திலிருந்து, "நூறு."

மறுபடி தும்முகிறேன். "இருநூறு."

அது அப்பாவின் குரல். அதுவும் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று ஆட்களைக் கூப்பிட்ட அந்தப் பழைய குரல். சின்ன வயதில் நான் தும்மினால், நூறு வயது இருக்க வேண்டும் என்று அப்படித்தான் சொல்லுவார். அடுத்த தும்மலுக்கு இருநூறு.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா வாய் மூடிக் கிடந்தார். "அப்பா, நீங்களா கதைச்சது?" என்று கேட்டேன். கண் மட்டும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. வேண்டுமென்றே ஒரு தும்மல் தும்மிக் காட்டினேன். அந்தக் கண் அசையவே இல்லை.

அன்று முழுக்க அவருக்கு முதுகு காட்டி நிற்க எனக்கு மனம் வரவில்லை. பெற்ற தகப்பனுக்குப் பயந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

குளிசை

அலர்ஜிக் குளிசை வாங்கித் தண்ணீரோடு விழுங்கினேன். தும்மல் நின்றது, குரலும் நின்றது. "கோல் எல்லாம் இப்ப கிளீன் அக்கா" என்றான் நிரோஷன். ஆனால் அப்பா சாப்பிட மறுத்தார். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். நான் வேலை செய்யும் அறைப் பக்கமே பார்த்தபடி, எதற்கோ காத்துக் கிடப்பார். கன்னம் ஒட்டிப்போனது. என் கண்முன்னாலேயே போய்விடுவாரோ என்று பதறினேன்.

கிளினிக்குக்கு அவரைக் கொண்டுபோன நாளில், பேச்சுப் பயிற்சி தரும் மிஸ்ஸிடம் ரெக்கோடிங்கைப் போட்டுக் காட்டினேன்.

"இது சிலருக்கு நடக்கிறதுதான் அன்ரி. நினைச்சுக் கதைக்கிற பேச்சுப் போனாலும், பழக்கத்தில தானா வாறது மிஞ்சியிருக்கும். செபம், ஏச்சு, எண்ணுறது, இப்பிடி. உங்கட தும்மல்தான் இவரைக் கதைக்க வைக்குது."

"நான் தும்மிக் காட்டினனான், வரேல்லையே!"

"பொய்த் தும்மலுக்கு ஆர் நூறு சொல்லுவினம்?"

அப்பாவுக்கு மிஞ்சியிருந்த பேச்சே அதுதான். அதை நான் குளிசை போட்டு நிறுத்தியிருந்தேன். அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், அழுதுவிட்டேன்.

குளிசையை நிறுத்தினேன். ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். இரண்டு நாளில் மூக்கு அரித்தது. தும்மினேன். "நூறு" என்று பக்கத்து அறையிலிருந்து கேட்டது. கஸ்டமரை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். அன்று அப்பா கஞ்சிக்கு வாய் திறந்தார்.

நிரோஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மனேஜரிட்ட நான் கதைக்கிறன் அக்கா. அந்தச் சத்தத்துக்கு உங்கட கோல் மார்க்ஸை நான் வெட்டமாட்டன்" என்றான்.

இந்த வருடம்

அப்பா மழைக்காலத்தில் போய்விட்டார். வாடைக்காற்று திரும்பி வந்தபோது, அவர் கட்டிலை மடித்துச் சுவரோடு சாத்தியிருந்தேன். வீட்டில் நான் மட்டும்தான். கேட்பதற்கு இனி எந்தக் குரலும் இல்லையே என்று ஹெட்செட்டை மறுபடி இரண்டு காதிலும் போட்டிருந்தேன்.

கொச்சிக்கடையிலிருந்து ஒரு வயதானவர் தன் பார்சல் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தும்மல் வந்தது. வழக்கம்போல மியூட் தவறியது.

"சொறி ஐயா."

"அதுக்கென்ன மகள்" என்று சிரித்தார் அவர். "நூறு எண்டு சொல்ல நானும் வாயெடுத்தனான். உங்கட வீட்டில ஆரோ முந்திட்டார்."

பார்சல் நம்பரை இன்னொரு முறை கேட்டு, பதில் சொல்லி, கோலை முடித்தேன். குரல் நடுங்கவில்லை, அது தொழில் பழக்கம். பிறகு எழுந்து போய், சுவரோடு சாத்தியிருந்த கட்டிலைப் பார்த்தேன். அந்த ரெக்கோடிங்கை அனுப்பு என்று நிரோஷனிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். கம்பனி என்ன சொன்னாலும் ஹெட்செட்டை இரண்டு காதிலும் போடாதீர்கள். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும், நான் இப்போது ஒரு காதைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.